ஒதுங்க இடமில்லாத சரக்கு வண்டி: ஓர் ஒற்றைப் பாதைப் பிரிவில் பயணிகள் ரயில் தாமதம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இரண்டு சந்திப்பு நிலையங்களை இணைக்கும் 112 கி.மீ. ஒற்றைப் பாதை இது. இடையில், எதிரெதிரே வரும் வண்டிகள் ஒன்றையொன்று கடந்துபோக இடமுள்ள 8 கிராசிங் நிலையங்கள் உள்ளன. மேற்கிலிருந்து கிழக்காக அவற்றை 1 முதல் 8 வரை எண்ணால் குறிக்கிறோம். இரு முனைகளும் மேற்குச் சந்திப்பு, கிழக்குச் சந்திப்பு. அடுத்தடுத்த நிலையங்களுக்கு நடுவே உள்ள பிளாக் செக்ஷனில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்குத்தான் அனுமதி. பெரும்பாலான செக்ஷன்கள் 10 முதல் 13 கி.மீ. நீளம். 4-க்கும் 5-க்கும் இடையில் உள்ளது மட்டும் 17 கி.மீ.; கிழக்கே போகும்போது 100-க்கு 1 என்ற ஏற்றம், 5-ஆம் நிலையத்தின் வாசல் வரை விடாமல் வரும்.

லூப் லைன்களில், அதாவது மெயின் லைனிலிருந்து பிரிந்து வண்டிகள் ஒதுங்கி நிற்கும் பக்கத் தடங்களில், வண்டி நிற்கக்கூடிய நீளம் 650 முதல் 720 மீட்டர். 2-லும் 7-லும் மட்டும், பழைய கல்குவாரி சைடிங்குகள் பாதையோடு சேர்க்கப்பட்டதால், 1,400 மீட்டர் கிடைக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே 65 கி.மீ.

தினமும் நான்கு ஜோடிப் பயணிகள் வண்டிகள் ஓடின. 18 பெட்டியும் எஞ்சினும் சேர்ந்து சுமார் 450 மீட்டர். அட்டவணைப்படி பிரிவைக் கடக்க 2 மணி 5 நிமிடம். அதில் 12 நிமிடம், தாமதத்தை ஈடுகட்டும் உபரி நேரமாகக் கடைசி செக்ஷனில் போடப்பட்டிருந்தது.

சரக்குப் பக்கத்தில், 640 மீட்டர் நீள வண்டிகள் ஏழு ஜோடி ஓடிக்கொண்டிருந்தன. பிறகு இரண்டை ஒன்றாகக் கோத்து 1,280 மீட்டர் வண்டியாக ஓட்டத் தொடங்கினார்கள். ஒரே ஓட்டுநர் குழு, ஒரே தடம், இரு மடங்கு சரக்கு. கணக்கில் குறை சொல்ல இடமில்லை. பிரிவில் ஓடும் சரக்கு வண்டிகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியானது. ஆனாலும் அடுத்த சில மாதங்களில் பயணிகள் வண்டிகளின் தாமதம் முன்பு காணாத அளவுக்கு ஏறியது. வண்டி குறைந்தும் தாமதம் ஏன் கூடியது என்பதே ஆய்வுக் குழு முன் வைக்கப்பட்ட கேள்வி.

முதலில் செய்யப்பட்டது

ஆய்வுக் குழு அமைவதற்கு முன்பே நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது: பயணிகள் வண்டிக்கே எப்போதும் முன்னுரிமை, சரக்கு வண்டிக்காக அது நிறுத்தப்பட்டால் கன்ட்ரோலர் (எந்த வண்டி எப்போது போகலாம் என்று தீர்மானிப்பவர்) எழுத்தில் விளக்கம் தர வேண்டும். இரண்டு வாரம் விளக்கங்கள் வந்து குவிந்தன. தாமதம் அசையவில்லை.

கன்ட்ரோலர்கள் உத்தரவை மதிக்கவில்லை என்று சிலர் கருதினார்கள். அந்த விளக்கங்களை வரிசையாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. "முன்னால் போகும் சரக்கு வண்டியை ஒதுக்க லூப் போதவில்லை" என்ற ஒரே வாக்கியம், வெவ்வேறு கையெழுத்தில், திரும்பத் திரும்ப வருகிறது. 1,280 மீட்டர் வண்டியை 700 மீட்டர் லூப்பில் வைக்க எந்த உத்தரவாலும் முடியாது.

அமெரிக்காவில் பயணிகள் ரயிலுக்குச் சரக்கு ரயிலைவிட முன்னுரிமை தர வேண்டும் என்ற சட்டம் 1973 முதல் இருக்கிறது. அதை மீறியதாக அரசு தொடுத்த வழக்குகள் 1979-இல் ஒன்று, 2024-இல் ஒன்று. சட்டம் இருந்தும் அங்கே சரக்கு வண்டியால் வரும் தாமதம் தீராததற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. லூப்பைவிட நீளமான வண்டிகள் அவற்றில் முக்கியமான ஒன்று.

கவனித்தவை

ஆய்வுக் குழு இரண்டு பதிவுகளை அருகருகே வைத்துப் பார்த்தது. ஒன்று, எந்த வண்டி எப்போது எங்கே இருந்தது என்று காட்டும் கன்ட்ரோல் அலுவலகத்தின் நேர–தூர சார்ட். மற்றது, ஒவ்வொரு நிலையத்திலும் சிக்னல், பாயிண்ட் (தடம் மாற்றும் அமைப்பு), டிராக் சர்க்யூட் (தடத்தில் வண்டி இருப்பதை உணரும் மின்சுற்று) மாறிய நேரத்தை நொடிக் கணக்கில் பதியும் டேட்டாலாகர். சார்ட்டில் கன்ட்ரோலர் எழுதும் காரணம் இருக்கும். டேட்டாலாகரில் காரணம் இருக்காது, நடந்தது மட்டும் இருக்கும். இரண்டும் முரண்படும் இடங்களில்தான் ஆய்வுக்கு விஷயம் கிடைத்தது.

ஒரு மாலை நேரத்தை மட்டும் முழுதாகத் தருகிறோம். இதே வடிவம்தான் மற்ற நாட்களிலும் சிறு மாற்றங்களோடு திரும்புகிறது.

கிழக்கு நோக்கிய பயணிகள் வண்டி மேற்குச் சந்திப்பிலிருந்து 17:10-க்குச் சரியாகப் புறப்பட்டது. அதற்கு 38 நிமிடம் முன்னால், 16:32-க்கு, ஒரு நீள சரக்கு வண்டி விடப்பட்டிருந்தது. சமவெளியில் அதன் சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ. 2-ஆம் நிலையத்தை 17:07-க்கு எட்டியது. அதை அங்கே லூப்பில் ஒதுக்கியிருக்க வேண்டும். லூப்பில் இடமில்லை. காலையில் பணி நேரம் முடிந்து ஓட்டுநர் குழு இறங்கிப்போன இன்னொரு சரக்கு வண்டி, எஞ்சினோடு, ஆளில்லாமல் அங்கே நின்றது. மாற்றுக் குழு இன்னும் வரவில்லை. வேறு வழியில்லாமல் சரக்கு வண்டிக்கு மெயின் லைனில் பச்சை கொடுத்து அனுப்பினார்கள்.

17:26-க்கு அது 3-ஐக் கடந்தது, 17:44-க்கு 4-ஐ. பயணிகள் வண்டி 2-ஐ 17:33-க்கும் 3-ஐ 17:46-க்கும் அட்டவணைப்படியே கடந்தது. அந்த நேரத்தில் சார்ட்டைப் பார்த்த எவருக்கும் எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே தோன்றியிருக்கும். 17:58-க்கு 4-ஐ அடைந்தபோது ஸ்டார்ட்டர் (நிலையத்திலிருந்து புறப்பட அனுமதி தரும் சிக்னல்) சிவப்பு. சரக்கு வண்டி ஏற்றத்தில் சராசரி 25 கி.மீ. வேகத்துக்கு இறங்கியிருந்தது. 17 கி.மீ.க்கு 41 நிமிடம். அது 5-ஐத் தாண்டிய பிறகு, 18:28-க்குத்தான் பயணிகள் வண்டி 4-ஐ விட்டது. 30 நிமிடம் போயிற்று.

எதிர்த்திசைப் பயணிகள் வண்டி 5-இல் இந்தப் பயணிகள் வண்டியைச் சந்திக்க வேண்டும். அதுவோ 6-இலேயே, சரக்கு வண்டி தன்னைத் தாண்டும் வரை, 18:45-க்கு மேலும் லூப்பில் காத்திருந்தது. அது 5-க்கு வந்து சேர்ந்து வழி விட்ட பிறகு, கிழக்கு நோக்கிய வண்டி 19:06-க்குப் புறப்பட்டது. இப்போது தாமதம் 48 நிமிடம். கடைசி செக்ஷன் உபரி 12 நிமிடத்தை மீட்டுத் தந்ததால், பதிவேட்டில் ஏறிய முனையத் தாமதம் 36. எதிர்த்திசை வண்டியும் முக்கால் மணி நேரம் இழந்தது.

பதிவேட்டில் காரணம் எப்படி எழுதப்பட்டது? 4-இல் "முன் வண்டி", 5-இல் "கிராசிங்". இரண்டுமே பொய்யில்லை. ஆனால் 2-ஆம் நிலைய லூப்பில் குழு இல்லாமல் நின்ற வண்டியின் பெயர் எந்தப் பயணிகள் வண்டியின் தாமதக் குறிப்பிலும் இல்லை. 16:32-க்கு நீள வண்டியை விட்ட முடிவும் இல்லை. தாமதம் கண்ணுக்குத் தெரிந்தது 17:58-க்கு. அது தீர்மானமானது ஒன்றரை மணி நேரம் முன்பு, 48 கி.மீ. தள்ளி.

பதிவுகளை இப்படி வேர் வரை பின்தொடர்ந்தபோது மூன்று வகைகள் பிரிந்தன.

முதலாவது, பின்தொடர்தல். 2-ஐ விட்ட நீள வண்டியை 7 வரை முந்த முடியாது. கிழக்கு நோக்கி அந்த 65 கி.மீ.க்கு அதற்கு 113 நிமிடம் தேவை. பயணிகள் வண்டிக்கு 66. ஒட்டிப் பின்னால் மாட்டிக்கொண்டால் இழப்பு 50 நிமிடத்தைத் தொடும். எண்ணிக்கையில் குறைவு, பாதிப்பில் பெரிது.

இரண்டாவது, கிராசிங். நீள வண்டி லூப்பில் புகாது. ஆகவே எதிரில் வரும் பயணிகள் வண்டிதான் லூப்புக்குப் போக வேண்டும். முன்னுரிமை நடைமுறையில் தலைகீழாகிறது. வேகம் குறைத்து டர்ன்அவுட்டில் (மெயின் லைனிலிருந்து லூப் பிரியும் இடத்தில்) நுழைவது, நிற்பது, மறுபடி வேகமெடுப்பது மட்டுமே 4, 5 நிமிடம் தின்னும். காத்திருப்பு அதற்கு மேல். 5-ஆம் நிலையத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பிளாட்பாரம் மெயின் லைனில் மட்டும் இருந்தது. லூப்பில் நிறுத்தினால் பயணிகள் இறங்க முடியாது. அதனால் நீள வண்டி வரும்போதெல்லாம் கிராசிங்கை 4-க்கோ 6-க்கோ தள்ளினார்கள்.

மூன்றாவது, லூப்பை அடைத்து நிற்கும் வண்டிகள். குழுவின் பணி நேரம் முடிவது, எதிரே இன்னொரு நீள வண்டிக்காகக் காத்திருப்பது, சந்திப்பு யார்டில் (வண்டிகளை நிறுத்தி வைக்கும் தடங்கள் உள்ள இடத்தில்) இடமில்லாதது. தாமதக் குறிப்பில் இந்த வகை அறவே இல்லை. வேரைத் தேடினால் பெரிய தாமதங்களில் அடிக்கடி தென்பட்டதும் இதுதான்.

இவற்றோடு ஒரு சிறு விஷயம், எளிதில் கண்ணில் படாதது. 2-இலும் 7-இலும் லூப்பின் டர்ன்அவுட்டுகள் பழையவை, 15 கி.மீ. வேகத்துக்கு மட்டுமே தகுதியானவை. 1,280 மீட்டர் வண்டி அந்த வேகத்தில் முழுதாக உள்ளே போக 5 நிமிடத்துக்கு மேல் ஆகும். கடைசி வேகன், பக்கத்துத் தடத்தை மறிக்காமல் நிற்பதற்கான எல்லைக் குறியான ஃபௌலிங் மார்க்கைத் தாண்டும் வரை மெயின் லைன் யாருக்கும் இல்லை. அதே வண்டி 30 கி.மீ.யில் நுழைந்தால் இரண்டரை நிமிடம் போதும்.

கன்ட்ரோலர்கள் ஏன் சரக்கு வண்டியை ஓட விட்டார்கள்

இதை நியாயமாகச் சொல்வது அவசியம். சுமையேற்றிய நீள வண்டியை 5-ஆம் நிலைய ஹோம் சிக்னலில் (நிலையத்துக்குள் நுழையும் முன் உள்ள சிக்னலில்), ஏற்றத்தின் நடுவில், நிறுத்தினால் அது தானாக மறுபடி கிளம்பும் என்று சொல்ல முடியாது. பிரேக் பைப்பில் காற்றழுத்தம் கடைசி வேகன் வரை மீளவே பல நிமிடம் ஆகும். பிறகும் சக்கரம் வழுக்கினால் பின்னிருந்து தள்ள பேங்கர் எஞ்சின் வர வேண்டும். அது இருப்பது மேற்குச் சந்திப்பில். அப்படி ஒன்று நடந்தால் பிரிவே மணிக்கணக்கில் முடங்கும். ஆகவே நீள வண்டி 4-ஐ நெருங்கும்போது முன்னால் வழியைத் திறந்து வைத்து, பயணிகள் வண்டியைப் பிடித்து வைப்பதே அந்த நிமிடத்தில் குறைந்த சேதம். மேசையில் இருந்தவர்கள் தவறான முடிவு எடுக்கவில்லை. நல்ல முடிவு எதுவும் மிச்சமில்லாத இடத்தில் அவர்களிடம் முடிவு கேட்கப்பட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இரட்டைப் பாதை எல்லோருக்கும் தெரிந்த தீர்வு. ஆனால் அதற்கு ஆண்டுகள் ஆகும். சரக்குக்கென்றே தனிப் பாதை அமைப்பது அதைவிடப் பெரிய வேலை. இந்தியாவின் கிழக்கு, மேற்கு தனிச் சரக்குப் பாதைகள் முறையே 1,337, 1,506 கி.மீ.; அவை 1,500 மீட்டர் வண்டிகளை மனதில் வைத்துத் திட்டமிடப்பட்டவை. ஐரோப்பாவில் முதன்மை வழித்தடங்களுக்கு 740 மீட்டர் வண்டி என்று வரையறுத்து, அதற்கேற்ற லூப்புகளைக் கோருகிறார்கள். எங்கு பார்த்தாலும் வண்டி நீளமும் லூப் நீளமும் சேர்ந்தே தீர்மானிக்கப்பட வேண்டியவை. இந்தப் பிரிவில் வண்டி முந்திக்கொண்டது.

நீள வண்டிகளை அடியோடு நிறுத்தி, பழைய 640 மீட்டர் வண்டிகளுக்குத் திரும்பலாம் என்ற யோசனையும் பேசப்பட்டது. அதற்குக் கூடுதல் குழுக்கள் இல்லை. பகலில் ஏழு ஜோடிக்கான கிராசிங்குகளும் திரும்ப வரும். கைவிடப்பட்டது.

முதல் கட்டத்தில் மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன.

ஒன்று, விடுவிப்பு விதி. நீள வண்டியைச் சந்திப்பிலிருந்து விடுவதற்கு முன், அடுத்த பயணிகள் வண்டிக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிழக்கு நோக்கிய கணக்கு இது. மேற்குச் சந்திப்பிலிருந்து 7 வரை 88 கி.மீ.; நீள வண்டிக்கு 147 நிமிடம், லூப்பில் நுழைய 5. பயணிகள் வண்டி வேகம் குறையாமல் வர வேண்டுமானால், அது 6-ஐ நெருங்கும் முன், அதாவது புறப்பட்ட 75-ஆம் நிமிடத்துக்குள், சரக்கு வண்டி 7-இல் ஒதுங்கியிருக்க வேண்டும். 152-இல் 75 போக 77. ஏற்றத்தில் நேரம் நீளக்கூடும் என்பதால் 18 நிமிடம் சேர்த்து 95. இதே முறையில் 2-ஆம் நிலையத்துக்கு 34 வந்தது. அதை 45 ஆக்கினார்கள். ஆக, 95 நிமிடமோ அதற்கு மேலோ இருந்தால் 7 வரை விடலாம். 45-க்கும் 95-க்கும் இடையில் என்றால், 2-இன் லூப் காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, 2 வரை மட்டும். 45-க்குக் கீழே என்றால் சந்திப்பிலேயே நிற்க வேண்டும். எதிர்த்திசைக்குத் தனி எண்கள். ஒரே தாளில் அச்சிட்டு கன்ட்ரோலர் மேசையிலும் இரு சந்திப்புகளின் யார்டு அலுவலகங்களிலும் ஒட்டப்பட்டது. மேலே சொன்ன மாலையில் இருந்தது 38 நிமிடம்.

இரண்டு, இரவு நேர ஒதுக்கீடு. பயணிகள் வண்டி இல்லாத இரவு 10:30 முதல் காலை 6 வரை நீள வண்டிகளுக்கு. ஒரு திசையில் வரிசையாக விட்டு முடித்த பிறகே மறு திசை. கிழக்கு நோக்கி இரு வண்டிகளுக்கு இடையே 45 நிமிடம் வேண்டும், ஏற்றச் செக்ஷனே 41 நிமிடம் எடுப்பதால். மூன்று வண்டி விட்டால் கடைசி வண்டி 7-ஐ அடைய 02:28 ஆகிறது. அதன் பின் மேற்கு நோக்கிய மூன்றில் முதலாவது 7-இன் லூப்பிலிருந்தும் மற்றவை கிழக்குச் சந்திப்பிலிருந்தும் கிளம்பினால், கடைசி வண்டி 2-இல் ஒதுங்கும்போது ஏறக்குறைய 05:50. 06:00-க்குக் கிளம்பும் முதல் பயணிகள் வண்டி 2-ஐத் தொடுவது 06:23. நான்காவது ஜோடிக்கு இடமில்லை. சரக்குப் பிரிவு நான்கு கேட்டது. இந்தக் கணக்கை அவர்களோடு உட்கார்ந்து போட்டுக் காட்டிய பிறகு மூன்றுக்கு ஒப்புக்கொண்டார்கள்.

மூன்று, ஓட்டுநர் குழு விதி. பணி நேரத்தில் குறைந்தது 5 மணி நேரம் மிச்சமில்லாத குழுவோடு நீள வண்டியைப் பிரிவுக்குள் ஏற்கக் கூடாது. 2-இலும் 7-இலும் ஆளில்லாமல் வண்டி நிறுத்துவது தடை. தவிர்க்க முடியாதபோது தலைமை கன்ட்ரோலரின் அனுமதி பெற்று, எந்த நேரத்துக்குள் எடுக்கப்படும் என்றும் எழுத வேண்டும்.

இரண்டாம் கட்டத்தில் கட்டுமானம். 2, 7 நிலையங்களின் லூப் டர்ன்அவுட்டுகளை 30 கி.மீ. வேகத்துக்கானதாக மாற்றுவது; 5-இன் லூப்பை 1,400 மீட்டராக நீட்டி அதற்கும் பிளாட்பாரம் கட்டுவது. 4-ஐ நீட்டியிருந்தால் மண் வேலை குறைவு, நிலம் தட்டை. ஆனால் 4-இல் நிறுத்திய சுமை வண்டி நேராக ஏற்றத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். 5-இல் ஏற்றம் முடிந்துவிடுகிறது. யார்டின் சரிவு 400-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது என்பதால் அங்கே மண் வெட்டும் வேலை கூடுதல். இருந்தும் 5 தேர்வானது. நீட்டியது கிழக்குப் பக்கமாக. மேற்கில் லெவல் கிராசிங் கேட் இருக்கிறது. அதன்மேல் லூப் போனால் ஒவ்வொரு நீள வண்டியும் நிற்கும் நேரம் முழுக்க சாலை மூடிக் கிடக்கும்.

பின்விளைவு

விடுவிப்பு விதி நடைமுறைக்கு வந்த முதல் வாரத்திலேயே பின்தொடர்தல் வகைத் தாமதம் ஏறக்குறைய மறைந்தது. 15 நிமிடத்துக்கு மிகாத தாமதத்தோடு முனையம் சேரும் வண்டிகள் முன்பு பாதிக்கும் குறைவு. மூன்றாம் மாதத்தில் முக்கால் பங்கை நெருங்கின. கிராசிங் தாமதம் மெதுவாகத்தான் இறங்கியது. 5-இல் பிளாட்பாரம் கட்டி முடியும் வரை அது பெரிதாக மாறவில்லை.

இதற்கு ஒரு விலை இருந்தது. 16:32-க்கு விடப்பட்டது போன்ற ஒரு வண்டி புதிய விதியில் பயணிகள் வண்டிக்குப் பின்னால், 17:25 அளவில்தான் கிளம்பும். 18:00-க்கு 2-இல் ஒதுங்கி, எதிர்த்திசைப் பயணிகள் வண்டி கடக்கும் 19:00 வரை நிற்கும். மொத்தம் ஏறக்குறைய 2 மணி நேரம் இழக்கிறது. சுரங்கத்திலோ துறைமுகத்திலோ காத்திருப்பவருக்கு இது பொருட்படுத்தத் தகாத இழப்பு அன்று. இரவு ஒதுக்கீட்டில் போகும் வண்டிகள் நிற்காமல் போனதால் அந்த இழப்பின் பெரும்பகுதி அங்கே ஈடானது. பகலில் வந்து சேர்ந்தவற்றுக்கு ஈடாகவில்லை.

எதிர்பாராத சிக்கல் மேற்குச் சந்திப்பு யார்டில் எழுந்தது. பகலில் பிடித்து வைத்த நீள வண்டிகள் மாலைக்குள் மூன்று சேர்ந்துவிடும். யார்டில் அந்த நீளத்துக்கு இரண்டு லைன்களே உண்டு. மூன்றாவது வண்டி யார்டின் கழுத்தை (தடங்கள் ஒன்றுசேரும் நுழைவிடத்தை) மறித்து நின்றதில், பிரிவுக்குத் தொடர்பே இல்லாத வேறு திசைப் பயணிகள் வண்டிகள் இரு முறை மாட்டின. அதன்பின் பகலில் வரும் மூன்றாவது வண்டியை யார்டுக்கு வெளியிலேயே இரண்டாகப் பிரித்து, 640 மீட்டர் வண்டிகளாகத் தனித்தனியே பிரிவுக்குள் அனுப்பும் முறை வந்தது. பிரிக்க 40 நிமிடமும் இரண்டாவது குழுவும் வேண்டும். அந்தக் குழுவை முன்கூட்டியே ஏற்பாடு செய்யாத நாட்களில் இந்த முறையும் தோற்றது.

டர்ன்அவுட்டுகளை மாற்றியது செலவோடு ஒப்பிட்டால் மிகுந்த பயன் தந்தது. 5-இன் லூப் திறந்த பிறகு 65 கி.மீ. இடைவெளி 42, 23 என்று இரண்டாக உடைந்தது. விடுவிப்பு அட்டவணையில் மூன்றாவது வரி சேர்ந்தது.

இனி மாற்ற வேண்டியவை

நீள வண்டியை அறிமுகப்படுத்தும் முன் ஒவ்வொரு லூப்பின் உண்மையான நிற்கும் நீளத்தையும் அளக்க வேண்டும். வரைபட நீளம் போதாது. இரு ஃபௌலிங் மார்க்குகளுக்கு இடையே, ஸ்டார்ட்டர் சிக்னலுக்குப் பின்னால் எவ்வளவு என்பதே கணக்கு. அதில் எஞ்சின்கள், கார்டு வேன், நிறுத்தும்போது ஓட்டுநருக்குத் தேவையான இடைவெளி எல்லாம் போக மிஞ்சுவதே வண்டிக்குரியது.

தாமதக் குறியீட்டில் "கிராசிங்", "முன் வண்டி" இரண்டையும் தனித்து ஏற்கக் கூடாது. எந்த வண்டி, அது ஏன் அந்த இடத்தில் அந்த நேரத்தில் இருந்தது என்ற இரண்டாவது கட்டத்தையும் நிரப்ப வேண்டும். ஆய்வுக் குழு பரிந்துரைத்த படிவத்தில் அது உண்டு. இரவுப் பணியில் அதை நிரப்ப நேரமில்லை என்பது உண்மை. ஆகவே காலையில் டேட்டாலாகர் பதிவிலிருந்து வேறொருவர் நிரப்ப வேண்டும்.

கடைசி செக்ஷனில் குவித்து வைத்த 12 நிமிட உபரி முனைய நேரத்தை மட்டும் அழகாகக் காட்டியது. 5-ஆம் நிலையத்தில் இறங்குபவருக்கு அன்று 29 நிமிடம் தாமதம். 8-இல் இறங்கியவருக்கு 48. பதிவேட்டில் 36 மட்டுமே. அமெரிக்காவில் 2020-இல் வந்த விதி, 80 சதவீதப் பயணிகள் தாங்கள் இறங்கும் நிலையத்துக்கு அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்து சேர வேண்டும் என்று பயணியை வைத்து அளக்கிறது. இந்தப் பிரிவிலும் அளவுகோல் அப்படித்தான் மாற வேண்டும். உபரியில் 5 நிமிடத்தை 5-ஆம் நிலையத்துக்கு முன்னும் 4 நிமிடத்தை 7-க்கு முன்னும் நகர்த்தும் அட்டவணை தயாராக இருக்கிறது. முனைய நேரம் அதனால் மாறாது. 5-லும் 7-லும் அச்சிட்ட நேரம் மட்டும் சற்றுத் தள்ளிப்போகும். அந்த நிலையங்களின் இணைப்புப் பேருந்து நேரங்களையும் அதோடு சேர்த்துத் திருத்தியாக வேண்டும் என்பதால் அடுத்த கால அட்டவணையில்தான் அது நடைமுறைக்கு வரும்.